தூணைப் பெயர்த்தால் எது பெயரும்? ஹாங்காங் ‘அவமானத் தூண்’ விவகாரம்: ஒரு விளக்கம்

2021 டிசம்பர் 22 இரவு ஹாங்காங் பல்கலைக்கழக வளாகத்தின் ஒரு பகுதியைத் தடுப்பு வைத்து அடைத்தார்கள். தடுப்புக்குப் பின்னால் உயரமாக வெள்ளைப் பிளாஸ்டிக் திரை. உள்ளேயிருந்து துளைபோடும் சத்தமும் இடிக்கும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. படமெடுக்கப் போன செய்தியாளர்களைக் காவலாளிகள் மறித்தார்கள். விடிந்தபோது, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே நின்ற 8 மீட்டர் சிற்பம் துண்டாகி, துணியும் பிளாஸ்டிக்கும் சுற்றப்பட்டு, கன்டெய்னரில் ஏறிப் போயிருந்தது.

அது ‘அவமானத் தூண்’. 1989-இல் பெய்ஜிங்கில் சீன ராணுவத்தால் கொல்லப்பட்ட போராட்டக்காரர்களுக்கான நினைவுச் சின்னம். செய்திகளை ஒட்டுமொத்தமாகப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். தூணைக் கழற்றியது பல்கலைக்கழகம். ‘அது என் சொத்து’ என்கிறார் டென்மார்க் சிற்பி. அகற்றச் சொல்லிக் கடிதம் போனதோ, கலைவதாக அறிவித்துவிட்ட ஓர் அமைப்புக்கு. 2023 மே மாதம் போலீஸ் வந்து அதை வழக்குச் சான்றாக எடுத்துப் போனது. இதற்கிடையில் அதே தூண் ஒஸ்லோவிலும் தைபேயிலும் நிற்கும் படங்கள் வந்தன. யாருடையது தூண்? எடுத்ததால் ஒழிந்ததா, பெருகியதா? அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

தூண் என்பது என்ன

செய்தவர் யென்ஸ் கால்ஷியோட். 1954-இல் பிறந்தவர்; ஒடென்ஸ நகரில் பட்டறை வைத்திருப்பவர்; கலைப் பள்ளி வழியாக வராமல் இரும்பு வேலை வழியாகச் சிற்பத்துக்கு வந்தவர். தூணில் ஏறத்தாழ 50 மனித உடல்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடக்கின்றன. அடியில் அகன்று, மேலே போகப்போகக் குறுகும். முகங்கள் வாய் பிளந்து அலறுகின்றன. எந்த முகமும் குறிப்பிட்ட ஒருவருடையதல்ல. எடை சுமார் 2 டன். பீடத்தில் ‘முதியவர்கள் இளையவர்களை என்றென்றைக்கும் கொன்றுகொண்டிருக்க முடியாது’ என்ற வாசகமும் 1989 ஜூன் 4 என்ற தேதியும் உண்டு.

ஹாங்காங்கில் நின்றது ஒரு வரிசையில் ஒன்று. முதல் தூண் 1996-இல் ரோமில், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் உச்சிமாநாட்டையொட்டி வந்தது. 1999-இல் மெக்சிகோவின் அக்டேயல் கிராமத்தில் ஒன்று. அங்கே 1997 டிசம்பர் 22 அன்று துணை ராணுவ பாணி ஆயுதக் குழுவினர் 45 பழங்குடி மக்களைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். 2000-இல் பிரேசிலில் ஒன்று. 1996 ஏப்ரல் 17 அன்று எல்டொராடோ டோ கராஜாஸ் என்ற இடத்தில் நிலம் கேட்டுச் சாலையை மறித்த விவசாயிகளில் 19 பேரை ராணுவப் போலீஸ் கொன்றதற்கான நினைவு அது.

டென்மார்க்கில் இந்த வடிவத்துக்குப் பழைய கதை உண்டு. 1664-இல் கோபன்ஹேகனில், தேசத்துரோகி என்று தீர்ப்பளிக்கப்பட்ட கோர்ஃபிட்ஸ் உல்ஃபெல்ட் என்ற பிரபுவின் மாளிகையை இடித்துத் தரைமட்டமாக்கி, அந்த இடத்திலேயே அரசு ஓர் அவமானத் தூணை நட்டது. 1842 வரை அது அங்கேயே நின்றது. அதாவது, குடிமகனின் குற்றத்தை ஊரறியச் செய்ய அரசு வைத்த கருவி அது. கால்ஷியோட்டின் தூண்களில் திசை தலைகீழ்: அரசு செய்த குற்றத்துக்கு நேராகக் குடிமகன் தூண் நடுகிறார். இறந்தவர்களைப் போற்றும் வழக்கமான நினைவுச் சின்னத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். இது அஞ்சலி மட்டும் அல்ல, குற்றச்சாட்டு. அதனால்தான் ‘அமைதியாக ஓரிடத்தில் நிற்கட்டுமே’ என்று இதை விட்டுவிடுவது எந்த அரசுக்கும் எளிதல்ல.

எதன் நினைவு

சுருக்கமாக: 1989 ஏப்ரல் 15 அன்று சீர்திருத்தவாதித் தலைவர் ஹூ யாவ்பாங் இறந்தார். அஞ்சலி செலுத்தத் தியானன்மென் சதுக்கத்தில் கூடிய மாணவர்கள் ஊழல் ஒழிப்பு, பத்திரிகைச் சுதந்திரம், பேச்சுவார்த்தை என்று கோரிக்கை வைத்தார்கள். மே 13 உண்ணாவிரதம், மே 20 ராணுவச் சட்டம், ஜூன் 3 இரவு துப்பாக்கிச் சூடு. பலர் நினைப்பதுபோல் சாவுகளில் பெரும்பகுதி சதுக்கத்துக்குள் நிகழவில்லை. சதுக்கத்துக்கு வரும் சாங்ஆன் பெருஞ்சாலையிலும், மேற்கே முஷிடி பகுதியிலும், படையை மறித்து நின்ற தொழிலாளர்களும் அக்கம்பக்கத்து மக்களும்தான் அதிகம் செத்தார்கள்.

எண்ணிக்கை இன்றும் தீரவில்லை. படையினரையும் சேர்த்து இருநூறு முந்நூறு பேர் என்றது சீன அரசு. மற்றவர்களின் மதிப்பீடுகள் சில நூறிலிருந்து சில ஆயிரம் வரை போகின்றன. 17 வயது மகனை இழந்த பேராசிரியை டிங் ஸிலின் உள்ளிட்ட ‘தியானன்மென் அன்னையர்’ வீடு வீடாகத் தேடி 202 பெயர்களை உறுதிப்படுத்தினார்கள். இது மொத்தக் கணக்கல்ல. கண்காணிப்புக்கு நடுவே அவர்களால் தொகுக்க முடிந்த அளவு.

பட்டியலே இல்லாத சாவுக்குப் பெயர் பொறித்த கல் வைக்க முடியாது. தூணில் முகமற்ற 50 உடல்கள் இருப்பதை அந்த வகையில் பார்த்தால் பொருத்தமாகத் தெரியும்.

ஹாங்காங்குக்கு என்ன தொடர்பு? அப்போது அது பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி. 1997-இல் சீனாவிடம் போவது முடிவாகிவிட்ட ஊர். பெய்ஜிங்கில் நடந்ததை அங்குள்ளவர்கள் தங்கள் எதிர்காலமாகவே பார்த்தார்கள். 1989 மே மாதம் உருவான ஹாங்காங் கூட்டணி என்ற அமைப்பு, 1990 முதல் 2019 வரை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 4 இரவு விக்டோரியா பூங்காவில் மெழுகுவத்தி அஞ்சலி நடத்தியது. சீன ஆட்சிக்கு உட்பட்ட மண்ணில் அந்த அளவில் வெளிப்படையாக நடந்த அஞ்சலி அதுவே.

தூண் எப்படி உள்ளே வந்தது

1997 ஜூன் 4. ஹாங்காங் கைமாற இன்னும் 27 நாள். டென்மார்க்கிலிருந்து கப்பலில் வந்திருந்த தூண் அன்றைய அஞ்சலிக் கூட்டத்தில் நிறுத்தப்பட்டது. கூட்டம் முடிந்த கையோடு மாணவர்கள் அதை லாரியில் ஏற்றிப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார்கள். வாசலில் தள்ளுமுள்ளு; பின் உள்ளே விட்டார்கள். அடுத்த ஆண்டு மற்றக் கல்லூரி வளாகங்களையும் சுற்றிவிட்டு, 1998 இறுதியில் ஹேக்கிங் வாங் கட்டடத்தின் மேடைத்தளத்தில் நிலைகொண்டது.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் வந்த தூண் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் எல்லாச் சிக்கலும் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு முன் தூணுக்கு ஆரஞ்சு வண்ணம் அடித்தார்கள். சீனாவின் மனித உரிமை மீறல்களைச் சுட்ட கால்ஷியோட் தொடங்கிய இயக்கத்தின் நிறம் அது. முழக்கத்தைத் தடை செய்யலாம், பதாகையைப் பிடுங்கலாம், ஆரஞ்சுப் பழத்தை என்ன செய்வது என்பது அதன் பின்னிருந்த குறும்பு. வண்ணமடிக்கும் வேலைக்கு வர சிற்பிக்கு ஹாங்காங் அனுமதி மறுத்தது. மாணவர்களும் கூட்டணியினருமே அடித்து முடித்தார்கள்.

ஆண்டுதோறும் ஜூன் 4-க்கு முந்தைய வாரங்களில் தூணைக் கழுவும் சடங்கு நடந்துவந்தது. வாளித் தண்ணீர், பிரஷ், துணி. வெளியே நிற்கும் சிற்பத்துக்கு இது சடங்கு மட்டுமல்ல, தேவையான பராமரிப்பும்கூட. பிளந்த வாய்களிலும் கண்குழிகளிலும் அக்குள் மடிப்புகளிலும்தான் தூசியும் ஈரமும் தங்கும். வண்ணம் முதலில் உரிவதும் அங்கேதான். குழாயைத் திருப்பி மேலாகத் தண்ணீர் அடித்தால் போதாது. ஒவ்வொரு முகத்துக்குள்ளும் துணியை விட்டுத் துடைக்க வேண்டும். இந்தத் தூணை அறிந்துகொள்ள அதைவிட நெருக்கமான வழி ஒரு மாணவருக்குக் கிடைத்திருக்காது.

ஏன் 2021-இல்?

இருபது ஆண்டுகளுக்கு மேல் விட்டுவைத்ததை அப்போது எடுக்க என்ன வந்தது? சங்கிலி இப்படி:

1. 2020 ஜூன் 30: ஹாங்காங்கில் தேசியப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. பிரிவினை, அரசைக் கவிழ்த்தல், பயங்கரவாதம், வெளிநாட்டுச் சக்திகளுடன் கூட்டு ஆகிய நான்கு குற்றங்கள். அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

2. 2020, 2021 ஜூன் 4 அஞ்சலிகளுக்குத் தடை. சொன்ன காரணம் கொரோனா.

3. 2021 செப்டம்பர்: ஹாங்காங் கூட்டணியின் மீதும், அதன் தலைவர்கள் லீ சுக்-யான், ஆல்பர்ட் ஹோ, சௌ ஹாங்-துங் ஆகியோர் மீதும் ‘அரசைக் கவிழ்க்கத் தூண்டியதாக’ வழக்கு. கூட்டணியின் ஐந்து இலக்குகளில் ‘ஒரு கட்சிச் சர்வாதிகாரத்தை முடிவுக்குக் கொண்டுவருவது’ ஒன்று. முப்பது ஆண்டுகளாகப் பகிரங்கமாக இருந்துவந்த முழக்கம். செப்டம்பர் 25 அன்று கூட்டணி தன்னைக் கலைத்துக்கொள்ள முடிவெடுத்தது.

4. அக்டோபர் 7: பல்கலைக்கழகத்தின் சார்பில் மேயர் பிரவுன் சட்ட நிறுவனம் கூட்டணிக்குக் கடிதம் அனுப்பியது. அக்டோபர் 13 மாலை 5 மணிக்குள் தூணை எடுக்காவிட்டால் அது கைவிடப்பட்டதாகக் கருதப்படும் என்றது. உலகெங்கும் கண்டனம் எழ, இந்த விஷயத்தில் இனிப் பல்கலைக்கழகத்துக்காக வாதாடப் போவதில்லை என்று அந்த நிறுவனம் ஒதுங்கிக்கொண்டது. கெடு ஓசையின்றிக் கடந்தது.

5. டிசம்பர் 22-23: தூண் அகற்றப்பட்டது. 24 அதிகாலை ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் நின்ற ‘ஜனநாயக தேவதை’ சிலையும், லிங்னான் பல்கலைக்கழகத்திலிருந்த தியானன்மென் புடைப்புச் சிற்பமும் போயின. இரண்டுமே சென் வெய்மிங் என்ற சிற்பியின் படைப்புகள்.

பல்கலைக்கழக ஆட்சிக்குழு தந்த விளக்கத்தில் மூன்று காரணங்கள் இருந்தன. சிலையை வைக்க யாரும் ஒருபோதும் அனுமதி பெறவில்லை; சிலை நைந்து பலவீனமாகிவிட்டதால் ஆபத்து; தொடர்ந்து வைத்திருந்தால் ஹாங்காங் குற்றவியல் சட்டத்தின் கீழ்ச் சிக்கல் வரலாம். மூன்றாவது கவனிக்கத்தக்கது. அவர்கள் சுட்டியது புதிய தேசியப் பாதுகாப்புச் சட்டத்தை அல்ல, பிரிட்டிஷ் காலனிக் காலத்துச் சட்டத்தை. எந்தப் பிரிவு என்றும் சொல்லவில்லை. ராஜதுரோகப் பிரிவுகள் அப்போது அந்தச் சட்டத்தில்தான் இருந்தன. பிரிவைச் சொல்லாத எச்சரிக்கைக்கு ஒரு வசதி உண்டு: அதை நீதிமன்றத்தில் யாரும் உரசிப் பார்க்க முடியாது.

யாருடையது: நான்கு அடுக்குகள்

‘சிலை யாருடையது’ என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் விடை கிடைக்காது. பொது இடத்தில் நிற்கும் எந்தக் கலைப்படைப்பிலும் நான்கு உரிமைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. நான்கும் ஒரே கையில் இருக்க வேண்டும் என்பதில்லை.

1. நிலம். இது பல்கலைக்கழகத்துடையது, மறுப்பதற்கில்லை. ஆனால் ‘அனுமதியே இல்லை’ என்ற வாதம் முழுசாக நிற்காது. இருபது ஆண்டுகளுக்கு மேல் பார்த்துக்கொண்டே இருந்து, கழுவும் சடங்கையும் நடக்கவிட்டால், நடத்தையால் தந்த அனுமதி என்று ஒன்று உருவாகிவிடும். பிரிட்டிஷ் வழிச் சட்டத்தில் அந்த மாதிரி அனுமதியைத் திரும்பப் பெறலாம். ஆனால் நியாயமான அவகாசம் தர வேண்டும். 2 டன் சிற்பத்துக்கு ஆறு நாள் கெடு நியாயமா என்பதைப் படிப்பவரே முடிவு செய்யட்டும்.

2. பொருள். அங்கே நின்ற அந்த உருப்படி யாருடையது? நிரந்தரக் காட்சிக்கு இரவலாகத் தந்தேன், விற்கவில்லை, தானமும் செய்யவில்லை என்கிறார் கால்ஷியோட். கெடு விதித்த கடிதம் அவருக்கல்ல, கூட்டணிக்குப் போனது. உரிமையாளர் அல்லாதவருக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு ‘கைவிடப்பட்டது’ என்று சொல்ல முடியாது. உரிமையாளர் முன்வந்து ‘நானே வந்து எடுத்துக்கொள்கிறேன், பாதுகாப்பாக வந்துபோக உறுதி கொடுங்கள்’ என்று எழுதியபிறகு கைவிட்டதாகச் சொல்வது இன்னும் கடினம். தூணை உடைத்துப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பாமல், யுவென் லாங்கில் உள்ள தன் கடூரி மையத்தில் பல்கலைக்கழகம் பத்திரப்படுத்தியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அடுத்தவர் பொருள் தன்னிடம் மாட்டிக்கொண்டால், அதை நியாயமான கவனத்தோடு வைத்திருக்கும் கடமை வைத்திருப்பவருக்கு வந்துவிடுகிறது.

3. பதிப்புரிமை. இது வடிவத்தின் மீதான உரிமை. பொருளை விற்றாலும் இழந்தாலும் படைத்தவரிடமே தங்கும். தூணைப் பிரதி எடுக்கலாமா என்று முடிவு செய்பவர் பல்கலைக்கழகமோ போலீஸோ அல்ல, சிற்பி. அவர் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திறந்துவிட்டார். பின்னால் நடந்த அனைத்துக்கும் சாவி இதுதான்.

4. தார்மீக உரிமை. படைப்பைச் சிதைத்துப் படைத்தவரின் பெயருக்குக் களங்கம் உண்டாக்குவதை எதிர்க்கும் உரிமை. ஹாங்காங் சட்டத்தில் இது உண்டு. சிலையின் கையை உடைப்பது சிதைப்பு, சரி. முழுசாகவே அப்புறப்படுத்தினால்? பிரிட்டிஷ் வழிச் சட்டங்கள் இதில் மழுப்பலாகவே இருக்கின்றன. இந்தியாவில் தெளிவான தீர்ப்பு ஒன்று இருக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் அரசு பெயர்த்துக் கிடங்கில் போட்டது. 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், அழிப்பது என்பது சிதைப்பின் உச்சம்தான் என்று கூறி, எஞ்சியதைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. ஹாங்காங் நீதிமன்றத்தை இது கட்டுப்படுத்தாது; ஆனாலும் எந்தத் திசையில் வாதிடலாம் என்பதைக் காட்டுகிறது.

ஆக, பல்கலைக்கழகத்தின் கை வலுவாக இருந்தது முதல் அடுக்கில் மட்டும். அதை வைத்து மற்ற மூன்றையும் தாண்டிப் போனார்கள்.

8 மீட்டர் சிற்பம் எப்படி நிற்கிறது, எப்படி இறங்குகிறது

2 டன் எடை என்றால் தானாகவே நிற்கும் என்று தோன்றும். கணக்குப் போட்டால் நிற்காது. ஹாங்காங்கில் 10-ஆம் எண் புயல் எச்சரிக்கை ஏற்றும் காற்று வேகம் மணிக்கு 118 கி.மீ. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 66 கிலோ அழுத்தம் விழும். தூணின் சராசரி அகலம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால் காற்றுபடும் பரப்பு 12 சதுர மீட்டர். தள்ளும் விசை கிட்டத்தட்ட 800 கிலோ. அது நடு உயரத்தில், அதாவது 4 மீட்டரில் செயல்படுவதாகக் கொண்டால், கவிழ்க்கும் திருப்புவிசை 3,200 கிலோ-மீட்டர். எதிர்த்து நிற்பது எடை மட்டுமே: அடிப்பகுதி 2 மீட்டர் அகலமென்றால் 2,000 × 1 = 2,000 கிலோ-மீட்டர். போதாது. ஆகவே இத்தகைய தூண்களைப் பீடத்தோடும், பீடத்தைத் தளத்தோடும் போல்ட் போட்டு இறுக்கியே ஆக வேண்டும். கீழே அறைகள் இருக்கும் மேடைத்தளமாக இருந்தால் காங்கிரீட் பலகையின் கனத்துக்குமேல் ஆழமாகத் துளையிட முடியாது. போல்ட்டின் எண்ணிக்கையைக் கூட்டிச் சுமையைப் பரப்ப வேண்டும்.

இறக்கும்போது வரும் தொல்லைகள் வேறு மாதிரி. இருபது ஆண்டு மழையில் போல்ட்டுகள் துருவேறிப் பிடித்திருக்கும். ஸ்பேனருக்கு அசையாது, அறுக்கத்தான் வேண்டும். சாதாரண 20 அடி கன்டெய்னரின் உள்நீளம் 5.9 மீட்டர், 8 மீட்டர் தூண் முழுசாகப் போகாது. 40 அடி கன்டெய்னரில் நீளம் போதும், ஆனால் வாசல் உயரம் 2.3 மீட்டருக்குள்தான், படுக்கவைத்துத்தான் நுழைக்க வேண்டும். நிற்க வடிவமைத்த ஒன்றைப் படுக்கவைத்தால் சுமை விழும் திசையே மாறிவிடும். முறுக்கிய கைகால்கள்மேல் மொத்த எடையும் உட்கார்ந்து அவை ஒடியும். முறையாகச் செய்வதென்றால் ஒவ்வொரு துண்டுக்கும் அளவெடுத்து மரச்சட்டம் அடித்து, இடைவெளிகளில் நுரை திணித்து, தூக்கும் பட்டையை உடல் பருத்த இடங்களில் மட்டும் கட்டி, கழற்றும் ஒவ்வொரு படியையும் படமெடுத்து வைக்க வேண்டும். செய்தவரைக் கூப்பிட்டால் எந்த இடத்தில் பிரிக்கலாம் என்று சொல்லிவிடுவார். சிற்பிக்குச் சொல்லாமல், திரைபோட்டு, ஒரே இரவில் முடிக்கும் வேலையில் இதற்கெல்லாம் நேரம் எங்கே? ‘நைந்துபோன பலவீனமான சிலை’ என்று காரணம் சொன்னவர்கள், நைந்த பொருளுக்கு ஏற்ற மிக மெதுவான முறையைத் தேர்ந்தெடுக்கவில்லை.

பிரதி எடுப்பது எப்படி

அகற்றும் பேச்சு எழுந்ததுமே, லேடி லிபர்ட்டி ஹாங்காங் என்ற குழு 900-க்கும் மேற்பட்ட புகைப்படங்களைக் கொண்டு தூணின் 3டி மாதிரியை உருவாக்கியது. தொழில்நுட்பத்துக்குப் பெயர் ஃபோட்டோகிராமெட்ரி: பல கோணப் படங்களில் ஒரே புள்ளி எங்கெங்கே விழுகிறது என்று ஒப்பிட்டு, அந்தப் புள்ளி வெளியில் எங்கே இருக்கிறது என்று கணினி கண்டுபிடிப்பது. ஆபத்தில் இருக்கும் எந்தச் சிலைக்கும் இது பொருந்தும் என்பதால் விரிவாகச் சொல்லலாம்.

1. படமெடுத்தல். சிலையைச் சுற்றி 10 பாகைக்கு ஒரு படம் என்றால் ஒரு வட்டத்துக்கு 36. அடுத்தடுத்த படங்கள் 70-80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். 8 மீட்டருக்குப் பத்து உயரங்களில் வட்டமடித்தால் 360 படம். மீதி நூற்றுக்கணக்கானவை இடுக்குகளுக்கு. மேல் வட்டங்களுக்கு நீளக் கழியோ ட்ரோனோ வேண்டும்.

2. வெளிச்சம். மேகமூட்டமான நாள்தான் உத்தமம். வெயிலில் நிழல் நகரும்; கணினி நிழலையும் வடிவமென்று எடுத்துக்கொள்ளும். ஃபிளாஷ் கூடவே கூடாது. ஜூம் மாற்றாமல், எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு எடுக்க வேண்டும்.

3. அளவுகோல். படங்களிலிருந்து வடிவம் தெரியும், அளவு தெரியாது. 8 மீட்டர் தூணும் 8 சென்டிமீட்டர் பொம்மையும் கணினிக்கு ஒன்றே. அடிப்பகுதியில் சரியாக ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு குறிகளை ஒட்டிவிட்டால் தீர்ந்தது. அவசரத்தில் மறந்துபோவது பெரும்பாலும் இதைத்தான்.

4. ஓட்டைகள். மூன்று படங்களிலாவது தெரியாத இடத்தில் வடிவம் உருவாகாது. இந்தத் தூணின் உயிரே இடுக்குகளில்தான் இருக்கிறது: பிளந்த வாயின் உட்புறம், இரண்டு உடல்கள் உரசும் பிளவு. மென்பொருள் அந்த ஓட்டைகளை வழவழப்பாக மூடிவிடும். அலறும் வாய் கொப்புளம்போல் ஆகிவிடும். தானாக மூடவிடாமல், மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்துக் கையால் செதுக்க வேண்டும்.

5. துண்டுபோடுதல். தைபேயில் 2022 ஜூன் 4 அன்று சுதந்திரச் சதுக்கத்தில் திறந்த 3டி அச்சுப் பிரதி 3 மீட்டர் உயரம். அந்த அளவை 30 செ.மீ. அச்சுமேடை கொண்ட பிரிண்டரில் செய்ய நினைப்பவர் உயரவாக்கில் பத்து அடுக்காகப் பிரிக்க வேண்டும். அடி அடுக்குகள் ஒவ்வொன்றும் ஒன்பது துண்டு, உச்சி ஒன்று என்று ஐம்பதைத் தாண்டும். ஒரு பெரிய துண்டுக்கு ஒன்றிரண்டு நாள் பிடிக்கும் என்பதால் ஒரே பிரிண்டரை நம்பி ஜூன் 4-க்கு முந்தின வாரம் தொடங்கினால் ஆகாது. வெட்டும் கோட்டை முகத்தின் குறுக்கே விடாமல் உடல்கள் சேரும் மடிப்பில் ஓட்டினால் தையல் தெரியாது.

6. பொருள். மலிவான பிஎல்ஏ பிளாஸ்டிக் ஏறத்தாழ 60 டிகிரியில் இளகும். வெயிலில் நிற்கும் பிரதிக்கு அது ஆகாது. நீட்டிய கைகள் தொங்கிவிடும். ஏஎஸ்ஏ என்ற வகைப் பிளாஸ்டிக் வெயிலைத் தாங்கும்.

7. நிறுத்துதல். நடுவில் இரும்புக் குழாய் ஒன்று முதுகெலும்பாக ஓட வேண்டும். வெறும் பசையை நம்பக் கூடாது. 3 மீட்டர் பிளாஸ்டிக் தூண் எடை குறைவு. மணிக்கு 70 கி.மீ. காற்றே கவிழ்த்துவிடும். ஒரு மீட்டர் அகலப் பீடம் வைத்தால் மொத்த எடை குறைந்தது 130 கிலோவாவது வேண்டும். பாதுகாப்புக்கு அதை இரட்டிப்பாக்கி, பீடத்தில் மணல் மூட்டையோ காங்கிரீட் கல்லோ வைப்பது வழக்கம்.

ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் 2022-இல் ஒரு பிரதி நின்றது. 2023-இல் பெர்லினிலும் ஒன்று. மேசையில் வைக்கும் சிறு பிரதிகளுக்குக் கணக்கில்லை. இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1989 மே 30 அன்று பெய்ஜிங் நுண்கலை மாணவர்கள் நுரையும் காகிதக்கூழும் கொண்டு சில நாட்களில் செய்து சதுக்கத்தில் நிறுத்திய சுமார் 10 மீட்டர் ஜனநாயக தேவதை, ஐந்தே நாளில் ராணுவத்தால் தகர்க்கப்பட்டது. 1994-இல் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் 2007-இல் வாஷிங்டனிலும் அது வெண்கலமாக மறுபடி எழுந்தது.

பிரதி எதைத் தராது

‘ஒன்றை எடுத்தார்கள், நூறு முளைத்தது’ என்று எழுதுவது எளிது, பலர் எழுதினார்கள். பாதிதான் உண்மை. வடிவம் பிழைத்தது, சரி. ஆனால் இந்தத் தூணின் வேலை வடிவத்தில் மட்டும் இல்லை. சீன ஆட்சிக்கு உட்பட்ட மண்ணில், வகுப்புக்கும் சாப்பாட்டுக்கும் போகிற வழியில், அரசியலில் அக்கறையே இல்லாத மாணவரின் கண்ணிலும் தினமும் பட்டது. பார்க்க வேண்டும் என்று யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை. ஒஸ்லோவில் நின்றதைப் பார்த்தவர் ஏற்கெனவே ஒத்த கருத்துடையவர், அல்லது அந்த வரலாற்றோடு உரசல் இல்லாதவர். குற்றம்சாட்டும் தூணைக் குற்றம்சாட்டப்பட்டவரின் எல்லைக்கு வெளியே வைத்தால் அது தகவல் பலகைக்கு அருகில் போய்விடுகிறது.

அகற்றியவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. இணையத்தில் கோப்பு உலவுவதை அவர்களால் தடுக்க முடியவில்லை. அதற்காகப் பெரிதாக மெனக்கெடவும் இல்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது அந்த மேடைத்தளம் காலியாவது.

தூண் இப்போது

2023 மே 5 அன்று தேசியப் பாதுகாப்புப் போலீஸார் நீதிமன்ற ஆணையோடு கடூரி மையத்துக்குப் போய், ‘அரசைக் கவிழ்க்கத் தூண்டிய’ வழக்கு ஒன்றின் சான்றுப்பொருள் என்று தூணை எடுத்துச் சென்றார்கள். இதனால் விவகாரத்தின் தன்மையே மாறியது. அதுவரை அது பல்கலைக்கழகத்துக்கும் சிற்பிக்கும் இடையிலான சிவில் தகராறு. சமரசம் பேசி, கப்பலேற்றி அனுப்ப இடமிருந்தது. சான்றுப்பொருள் ஆகிவிட்டால், வைத்திருந்தவரே நினைத்தாலும் திருப்பித் தர முடியாது. வழக்கு, மேல்முறையீடு எல்லாம் ஓயும்வரை போலீஸ் காவலில்தான்.

அதன்பிறகு நீதிமன்றத்தின் முன் உள்ள வழிகள் மூன்று: உரியவரிடம் ஒப்படைத்தல், பறிமுதல், அழித்தல். முதலாவது கிடைக்க வேண்டுமானால், ‘உரியவர்’ தான்தான் என்று கால்ஷியோட் நிறுவ வேண்டும். அதற்கு உதவக்கூடியவை 1997-இல் கப்பலேற்றிய சரக்கு ஆவணங்கள், இரவலாகத் தந்ததைக் காட்டும் அக்காலக் கடிதங்கள், இடைப்பட்ட ஆண்டுகளில் பழுதுபார்ப்பு பற்றி நடந்த கடிதப் போக்குவரத்து. கூட்டணி கலைந்துவிட்டதால், இரவல் வாங்கியவர் தரப்பிலிருந்து ‘ஆம், அப்படித்தான் வாங்கினோம்’ என்று சொல்ல அமைப்பு என்று ஒன்று இல்லை. சொல்லக்கூடிய தலைவர்கள் மீதோ அதே குற்றச்சாட்டு.